அங்கீகாரம்: போத்தலுக்கும் ஆளுக்கும்

பொருள்களுக்கு எல்லை இல்லை, மனிதருக்கு மட்டும்தான் எல்லை. புகலிடத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எமது கூட்டங்களிலும் சிறு சஞ்சிகைகளிலும் இந்த வசனம் புழங்கி வருகின்றது. நானும் எழுதியிருக்கிறேன். 1993இல், கையால் எழுதிப் பிரதி எடுத்த ஒரு துண்டுப்பிரசுரத்தில். அந்த வருடம் ஜனவரி 1ஆம் திகதி ஐரோப்பாவின் ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் ஜூலை 1ஆம் திகதி, ஜேர்மனியின் அடிப்படைச் சட்டத்திலிருந்த தஞ்ச உரிமை 'பாதுகாப்பான மூன்றாம் நாடு' முதலிய நிபந்தனைகளால் சுருக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தது. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேற்படி வசனம் தானாகவே வந்து விழும். கேட்பவர் தலையாட்டுவார். அதற்கு மேல் யோசிக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இருப்பதில்லை.

அண்மையில் நண்பர்கள் சிலர் கூடிய கலந்துரையாடல் ஒன்றில் நான் இந்த வசனத்தை மறுபடியும் சொன்னேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினார். உணவுப் பொருள் இறக்குமதி செய்யும் இடமொன்றில் ஆவணங்கள் பார்ப்பது அவரது வேலை. "அங்கிள், நான் ஒவ்வொரு நாளும் சாமானுக்கு விசா எடுக்கிற வேலைதான் செய்யிறன். சாமானுக்கு எல்லை இல்லையெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் என்னிடம் பதில் இருக்கவில்லை. வர்த்தகம் என்றால் அது முதலாளிகளின் விடயம், அதை விமர்சித்தால் போதும், விளங்கிக்கொள்ளத் தேவையில்லை என்று நாம் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரை எனது அந்தப் பழக்கத்தின் மீதான விமர்சனம். எமது சஞ்சிகைகள் மீதான விமர்சனமாகவும் வாசகர்கள் இதைக் கொள்ளலாம்.

கதை கொலோனில் தொடங்குகிறது. கொலோனைத் தலைமையிடமாகக் கொண்ட றேவே நிறுவனம் (ஆம், நாம் பாலும் பாணும் வாங்குகின்ற அதே றேவேதான்) 1976இல் பிரான்சிலிருந்து 'கசிஸ் டு டிஜோன்' என்ற பழமதுவை இறக்குமதி செய்ய விரும்பியது. கறுப்பு நிறச் சிறு பழமொன்றிலிருந்து செய்யப்படும் இனிப்பான மது அது. அதில் மதுசாரம் 15 முதல் 20 வீதம்வரை. மதுசார விற்பனையைக் கட்டுப்படுத்திய ஜேர்மன் சமஷ்டி அலுவலகம் ஓபன்பாக்கில் இருந்தது. அங்கிருந்து பதில் வந்தது: இறக்குமதி செய்ய அனுமதி தேவையில்லை, ஆனால் இங்கே விற்க முடியாது, ஜேர்மன் சட்டப்படி பழமதுவில் ஆகக் குறைந்தது 25 வீத மதுசாரம் இருக்க வேண்டும். அதாவது உள்ளே கொண்டுவரலாம், விற்கத்தான் ஏலாது. (நாட்டுக்குள் இருக்கலாம், வேலை செய்யக்கூடாது என்று எமது கடதாசிகளில் எழுதித் தந்தது எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வந்தது.)

றேவே வழக்குப் போட்டது. ஹெஸன் மாநில நிதி நீதிமன்றம் கேள்வியை லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே ஜேர்மன் அரசு வைத்த வாதங்களை வாசித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மதுசாரம் குறைந்த பானங்கள் மக்களைக் குடிக்குப் பழக்கிவிடும், கடுமையான பானங்கள் அந்தளவுக்குப் பழக்கா, ஆகவே பொதுச் சுகாதாரத்தின் பொருட்டே இந்த விதி என்றார்கள். சந்தையில் மதுசாரம் குறைந்த பானங்கள் ஏற்கெனவே எத்தனையோ உண்டு, கடும் பானத்தையும் மக்கள் தண்ணீர் கலந்துதானே குடிக்கிறார்கள் என்று நீதிமன்றம் அமைதியாகப் பதில் சொன்னது. இரண்டாவது வாதம் அவ்வளவு சிரிப்புக்குரியதல்ல. வரியின் காரணமாக மதுசாரமே இந்தப் பானங்களில் விலை கூடிய பொருள். அதைக் குறைத்துச் செய்பவருக்கு நியாயமற்ற அனுகூலம் கிடைக்கும். ஒரு நாட்டின் தளர்ந்த விதியை ஏற்றுக்கொண்டால் கடைசியில் எல்லா நாடுகளிலும் ஆகக் கீழான விதியே பொது விதியாகிவிடும் என்பது அந்த வாதம். போத்தலில் எத்தனை வீதம் என்று எழுதிவிட்டால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும் என்று நீதிமன்றம் இதைத் தள்ளிவிட்டது. ஆனால் இந்த வாதத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அது வேறோர் உருவில் எம்மிடமே திரும்பி வரும்.

1979 பெப்ரவரி 20ஆம் திகதித் தீர்ப்பின் சாரம் இதுதான்: ஓர் அங்கத்துவ நாட்டில் அந்த நாட்டுச் சட்டப்படி செய்யப்பட்டு விற்கப்படுகின்ற பொருளை மற்ற நாடு தனது விதிக்கு ஒத்துவரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறிக்க முடியாது. மறிப்பதென்றால் பொதுச் சுகாதாரம், நுகர்வோர் பாதுகாப்பு, நேர்மையான வர்த்தகம் போன்ற வலுவான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை மறிப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பின் பாரதூரத்தை விளங்கிக்கொள்ள, அதற்கு முன்னர் என்ன வழி இருந்தது என்று பார்க்க வேண்டும். முன்னைய வழி ஒத்திசைவாக்கம். எல்லா நாடுகளும் ஒன்றாக இருந்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே விதியை எழுதி, ஏகமனதாக ஏற்றுக்கொள்வது. சொக்கிலேற்றுக்கு ஒரு பணிப்புரை (1973), ஜாமுக்கு ஒரு பணிப்புரை (1979). ஒரு நாடு இணங்காவிட்டாலும் எல்லாம் நின்றுபோகும். இப்படி எழுதப்பட்ட விதிகளில் சில வேடிக்கையானவை. போர்த்துக்கல்லில் கரட்டில் ஜாம் செய்வார்கள். ஜாம் என்றால் பழத்தில் செய்வது என்று விதி சொல்கிறது. ஆகவே 1988இல் ஜாம் பணிப்புரையைத் திருத்தி, ஜாமின் பொருட்டு கரட்டையும் பழம் என்றே ஆக்கினார்கள். எல்லோரையும் ஒரே சொல்லுக்குள் அடக்க முற்பட்டால் கரட் பழமாகத்தான் வேண்டும்.

தீர்ப்பு காட்டிய வழி வேறு. உனது விதி உனக்கு, எனது விதி எனக்கு. ஆனால் உனது விதிப்படி சரி என்று நீ சொன்னதை நானும் சரியென்று எடுத்துக்கொள்கிறேன். இதற்குப் பரஸ்பர அங்கீகாரம் என்று பெயர். 1985இல் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட வெள்ளை அறிக்கை ஏறக்குறைய 300 நடவடிக்கைகளைப் பட்டியலிட்டு 1992 முடிவுக்குள் ஒற்றைச் சந்தை என்று நாள் குறித்தபோது, அதன் அடியில் கிடந்தது இந்தத் தத்துவம்தான். இனிமேல் அத்தியாவசியமான பாதுகாப்புத் தேவைகளை மட்டும் சட்டத்தில் பொதுவாக எழுதுவது, ஆணியின் அளவையும் கம்பியின் தடிப்பையும் தரநியம நிறுவனங்களிடம் விட்டுவிடுவது, மற்றவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. எமது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களில் உள்ள 'சீ ஈ' அடையாளம் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது.

இதை ஜேர்மன் மொழியில் 'கேகன்சைட்டிகெ அன்எர்கென்னுங்' என்கிறார்கள். அன்எர்கென்னுங்! எண்பதுகளில் இங்கு வந்தவர்களுக்கு இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. விடுதியின் சமையலறையில் ஒருவரையொருவர் கண்டால் முதற் கேள்வியே 'அன்எர்கென்னுங் கிடைச்சிட்டுதோ?' என்பதுதான். அகதியாக அங்கீகாரம் அதே சொல். ஊர்ப் பட்டத்துக்கான அங்கீகாரமும் அதே சொல். எனது பட்டச் சான்றிதழை ஓர் அலுவலகம் (பெயர் வேண்டாம்) மூன்று தடவை வாங்கி மூன்று தடவை திருப்பித் தந்தது. மூன்றாம் முறை அதன் மடிப்பு கிழிந்திருந்தது. இப்படியாக வாழ்வில் பாதியை அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து கழித்த எனக்கு, ஒரு பழமதுப் போத்தலுக்கும் அதே சொல் 1979இலேயே கிடைத்துவிட்டது என்பது அறுபது வயதைத் தாண்டித்தான் தெரியவந்தது.

பழமதுவை விடப் பெரிய சண்டை பியரில் நடந்தது. இது எமக்கு வேறொரு காரணத்துக்காக முக்கியமானது. ஜேர்மனியர்கள் 'றைன்ஹைற்ஸ்கெபோட்' என்று பெருமையோடு சொல்லும் தூய்மைக் கட்டளை 1516 ஏப்ரல் 23இல் பவேரியாவின் இங்கோல்ஸ்ராட்டில் பிறப்பிக்கப்பட்டது. பியரில் பார்லி, ஹொப் பூ, தண்ணீர் தவிர வேறொன்றும் சேர்க்கக்கூடாது. நொதியம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கட்டளையின் பெரும்பகுதி விலைக்கட்டுப்பாடு. கோதுமையும் றையும் பாணுக்குத் தேவை, அவற்றைப் பியர் காய்ச்சுபவர் வாங்கித் தீர்க்கக்கூடாது என்ற நோக்கமும் அதில் இருந்ததாகச் சொல்வார்கள். பின்னர் கோதுமைப் பியர் காய்ச்சும் தனியுரிமை ஒரு பிரபு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது. 1602இல் அந்தக் குடும்பம் வாரிசின்றிப் போனதும் பவேரிய டியூக்கே அதை எடுத்துக்கொண்டு கஜானாவை நிரப்பினார். தூய்மை குடிமக்களுக்கு, விதிவிலக்கு அரண்மனைக்கு. ஜேர்மன் சாம்ராஜ்யம் முழுவதற்கும் இந்த விதி விரிந்தது 1906இல்தான். 'தூய்மைக் கட்டளை' என்ற பெயரே 1918இல் பவேரிய சட்டசபை விவாதமொன்றில்தான் தலைகாட்டியது. ஐந்நூறு ஆண்டுப் பாரம்பரியம் என்று போத்தலில் அச்சடித்திருப்பதன் வயது நூற்றுச் சொச்சம்தான்.

இந்த விதியின்படி அரிசியோ சோளமோ சேர்த்துக் காய்ச்சிய பிற நாட்டுப் பானத்தை இங்கே 'பியர்' என்ற பெயரில் விற்க முடியாது. சேர்மானங்கள் கொண்டதை விற்கவே முடியாது. ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. ஜேர்மன் அரசு சொன்ன ஒரு வாதம்: எமது மக்கள் பியரை அளவுக்கு அதிகமாகக் குடிக்கிறார்கள், ஆகவே சேர்மானம் எதுவும் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. அதே சேர்மானங்களை வேறு பானங்களில் ஜேர்மனி அனுமதித்திருந்தது. 1987 மார்ச் 12ஆம் திகதி ஜேர்மனி தோற்றது. பெயர் பற்றிய வாதத்துக்கு நீதிமன்றம் சொன்ன பதில், என் கருத்தில், இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் ஆகச் சிறந்தது: பியர் என்றால் என்னவென்று மக்கள் கொண்டிருக்கும் எண்ணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், ஒரே நாட்டுக்குள்ளும் காலத்துக்குக் காலம் மாறும்; இன்றைய பழக்கத்தை உறையவைத்து, அதனால் பயன்பெறும் உள்ளூர் உற்பத்தியாளரின் இலாபத்தைக் காப்பது சட்டத்தின் வேலையல்ல. அதன்பின் ஜேர்மன் பியர் அழிந்துவிட்டதா? இல்லை. உள்ளூர்க் காய்ச்சுநர்கள் தங்கள் விதிப்படியே காய்ச்சுகிறார்கள், மக்கள் அதையே குடிக்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1988 ஜூலை 14இல், நாடகம் தலைகீழாக நடந்தது. பாஸ்டா கடின வகைக் கோதுமையில் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்ற இத்தாலியச் சட்டம் ஜேர்மன் உற்பத்தியாளர் ஒருவரின் வழக்கில் தோற்றது. பியரில் எதிரியாகத் தெரிந்த தத்துவம் நூடில்சில் நண்பனாயிற்று.

தூய்மை என்ற சொல்லைக் கண்டவுடன் விழிப்படைய வேண்டியவர்கள் நாம். தூய்மையின் பெயரால் கிணற்றையும் கோயில் வாசலையும் தேத்தண்ணீர்க் கடைப் பேணியையும் பிரித்துவைத்த சமூகத்திலிருந்து வந்தவர்கள். அங்கேயும் விதி ஒருவருக்கும் விதிவிலக்கு இன்னொருவருக்குமாகத்தான் இருந்தது. தூய பண்பாடு என்று இன்று புகலிட மேடைகளில் பேசப்படுவனவற்றில் எத்தனைக்கு உண்மையில் நூறு வயதுகூட இல்லை என்று எவராவது எழுதினால் வாசிக்க ஆவல். இத்துடன் அதை நிறுத்துகிறேன். ஒப்புமையை அதிகம் இழுத்தால் அறுந்துவிடும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பரஸ்பர அங்கீகாரத்தைப் புகழ்ந்துகொண்டு போனால், எல்லா ஒழுங்குவிதியும் வேலிதான், வர்த்தகர்களின் சூழ்ச்சிதான் என்ற இடத்துக்கு வந்து சேர்வோம். எம்மவர் கடைகளில் அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். 2003 மே மாதம், இந்தியாவிலிருந்து வந்த மிளகாய்ப் பொருள்களில் 'சூடான் ஒன்று' என்ற சாயம் இருப்பதைப் பிரான்ஸ் கண்டுபிடித்து மற்ற நாடுகளுக்கு அறிவித்தது. துணிக்கும் மெழுகுக்கும் போடும் சாயம். புற்றுநோயை உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது. ஜூன் 20இல், பரிசோதனைச் சான்று இல்லாமல் மிளகாய்த்தூள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரக்கூடாது என்று ஆணைக்குழு முடிவெடுத்தது. 2004 ஜனவரியில் கறித்தூளும் சேர்க்கப்பட்டது. அந்த நாட்களில் ஒரு கடைக்கார நண்பர் என்னிடம், "வெள்ளைக்காரனுக்கு எங்கட தூளில கண் விழுந்திட்டுது" என்றார். நான் அவரோடு சேர்ந்து தலையாட்டினேன். தூளைச் சாப்பிட்டது வெள்ளைக்காரனா? நாமும் எமது பிள்ளைகளும்தான். பழைய மிளகாயைச் சிவப்பாக்கிக் காட்டி எமக்கு விற்றது எமது நாட்டுப் பக்கத்து வியாபாரிதான். அந்த விதியால் ஆகக்கூடுதலாகப் பாதுகாக்கப்பட்டவர்கள் எமது சமையலறைகளில் இருந்தவர்கள். மதுசாரத்தின் 25 வீத விதியும் மிளகாய்த்தூள் விதியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஒன்று வேலி, மற்றது மருந்து. இரண்டையும் பிரித்தறிய விதியின் உள்ளே போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுலோகம் உதவாது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பரஸ்பர அங்கீகாரம் வேலிக்கு உள்ளே இருப்பவர்களுக்கானது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு விசா உண்டு, விசாரணை உண்டு, திருப்பி அனுப்புதலும் உண்டு. 2013இல் இந்தியாவிலிருந்து வந்த பழங்கள், மரக்கறிகளில் 207 தொகுதிகளில் பூச்சிகள் காணப்பட்டன என்று காரணம் காட்டி, 2014 மே 1 முதல் மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகிய ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. எமது சமையலறையை நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்து எழுதிய பட்டியல் போல இருக்கும். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. 2019 டிசம்பர் 14 முதல் பயணிகளின் பெட்டிக்கும் விதி வந்துவிட்டது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழத்தை ஊரிலிருந்து கொண்டுவர முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவரவே கூடாது. மீன் மட்டும் ஆளுக்கு 20 கிலோவரை வரலாம். ஆகவே கருவாட்டுக்கு உள்ளே இடமுண்டு, கறுத்தக்கொழும்பானுக்கு இல்லை. மாமியார்கள் இந்தச் சட்டத்தை ஆணைக்குழுவை விட நன்றாக அறிவார்கள்.

வேலி எங்கே ஓடுகிறது என்பதைக் காட்ட இன்னொரு சம்பவம் போதும். மேற்சொன்ன கடைக்கார நண்பர் தனது சாமானில் பாதியை லண்டன் மொத்த வியாபாரிகளிடமிருந்து எடுத்துவந்தார். வானில் போய் ஏற்றிக்கொண்டு மறுநாள் வந்துவிடுவார். 2020 டிசம்பர் 31ஆம் திகதி இரவு பிரித்தானியா ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேறியது. மறுநாளிலிருந்து அங்கே அடைத்த நெய் டின்னுக்கு மிருக வைத்தியரின் சான்றிதழ் வேண்டுமாம். அதே டின், அதே தொழிற்சாலை, அதே நெய். இரவோடு இரவாக அது அந்நிய நாட்டு நெய்யாகிவிட்டது. "நெய்யும் எங்களைப் போல அகதியாய்ப் போச்சு" என்றார். அது தவறு. நெய் அகதியாகவில்லை. சந்தைக்குள் அங்கத்தவர் என்ற தகுதியை இழந்தது, அவ்வளவுதான்.

ஆகவே எனது பழைய வசனம் பிழை. பொருள்களுக்கும் எல்லை உண்டு. உண்மையான வேறுபாடு எல்லையைக் கடந்த பின்னர்தான் தொடங்குகிறது. றொட்டர்டாம் துறைமுகத்தில் சோதித்து, வரி கட்டி, உள்ளே விடப்பட்ட மிளகாய் மூட்டை டோர்ட்முண்டுக்குப் போகும்போது அதை யாரும் மறுபடி 'நீ யார், ஏன் வந்தாய்' என்று கேட்பதில்லை. ஒரு நாட்டின் 'ஆம்' எல்லா நாட்டுக்கும் ஆம். அகதியின் விடயத்தில் அப்படியில்லை. ஒரு நாட்டின் 'ஆம்' அந்த நாட்டோடு நின்றுவிடும். 'இல்லை' மட்டும் எல்லா இடமும் போகும்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1990 ஜூன் 15இல் கைச்சாத்தாகி 1997 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த டப்ளின் உடன்படிக்கையின்படி ஒருவரது தஞ்சக் கோரிக்கையை ஒரு நாடு மட்டுமே விசாரிக்கும். அது மறுத்தால் பக்கத்து நாட்டில் போய்க் கேட்க இயலாது; கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். இதைவிட வெளிப்படையானது 2001 மே 28ஆம் திகதிப் பணிப்புரை, இலக்கம் 2001/40. அதன் தலைப்பே மூன்றாம் நாட்டவரை வெளியேற்றும் முடிவுகளின் பரஸ்பர அங்கீகாரம் என்பதுதான். பழமதுப் போத்தலுக்காகப் பிறந்த அதே சொற்கள்! ஒரு நாடு வெளியேற்று என்று சொன்னால் மற்ற நாடு அந்த முடிவை ஏற்று நிறைவேற்றலாம். நாடுகடத்தலுக்குப் பரஸ்பர அங்கீகாரம் எழுதப்பட்டுவிட்டது. அடைக்கலத்துக்கு?

1999 ஒக்டோபரில் பின்லாந்தின் தம்பெரே நகரில் கூடிய ஐரோப்பியத் தலைவர்கள், ஒன்றியம் முழுவதிலும் செல்லுபடியாகும் ஒரே தஞ்ச அந்தஸ்து என்பதை நீண்டகால இலக்காக அறிவித்தார்கள். அது பின்னர் ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. எழுதியதோடு சரி. 2024 ஜூன் 18இல் ஒரு வழக்கு தீர்க்கப்பட்டது. சிரியாவைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கிரேக்கம் அகதியாக அங்கீகரித்திருந்தது. அவர் ஜேர்மனிக்கு வந்தார். கிரேக்கத்தின் நிலைமை காரணமாக அவரை அங்கே திருப்பி அனுப்பக்கூடாது என்று ஜேர்மன் நீதிமன்றமே முடிவு செய்துவிட்டது. அப்படியானால் கிரேக்கம் கொடுத்த அகதி அங்கீகாரம் இங்கே செல்லுமா? ஜேர்மன் அதிகாரிகள் புதிதாக விசாரித்து, குறைந்த அந்தஸ்தான துணைப் பாதுகாப்பு மட்டும் கொடுத்தார்கள். கேள்வி லக்சம்பேர்க்குக்குப் போனது. கசிஸ் போத்தலுக்கு வழிவிட்ட அதே நீதிமன்றம் சொன்னது: தஞ்ச விடயத்தில் பரஸ்பர அங்கீகாரத் தத்துவத்தைச் சட்டமியற்றுபவர்கள் இன்னும் ஏற்படுத்தவில்லை, ஆகவே ஜேர்மனி கிரேக்கத்தின் முடிவை அப்படியே ஏற்கக் கட்டுப்பட்டதல்ல, புதிதாக, முழுமையாக விசாரிக்க வேண்டும், விசாரிக்கும்போது கிரேக்கத்தின் முடிவையும் ஆதாரங்களையும் முழுமையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நீதிமன்றத்தைக் குறைசொல்ல முடியாது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நேர்மைக்காக ஒன்று சொல்ல வேண்டும்: 2011இல் செய்யப்பட்ட ஒரு திருத்தத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட அகதி ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டில் சட்டபூர்வமாக வாழ்ந்த பின்னர் நீண்டகால வதிவாளர் அந்தஸ்துப் பெற்று வேறு நாட்டில் குடியேற விண்ணப்பிக்கலாம். வருமானம், காப்புறுதி எல்லாம் காட்ட வேண்டும். ஜாம் போத்தலிடம் இவை கேட்கப்படுவதில்லை.

எனக்குத் தெரிந்த இரண்டு சகோதரர்கள் ஒரே கிராமத்திலிருந்து, ஒரே சம்பவத்தின் பின்னர், ஆறு மாத இடைவெளியில் வெளிக்கிட்டவர்கள். ஒருவர் பாரிசில் இறங்கினார், அங்கீகாரம் கிடைத்தது. மற்றவர் பிராங்பேர்ட்டில் இறங்கினார், நிராகரிக்கப்பட்டார். தம்பி தனது விசாரணையில் அண்ணனின் பிரெஞ்சுக் கடதாசியைக் காட்டினாராம். அதிகாரி அதை மரியாதையோடு வாசித்துவிட்டு, "இது பிரான்சின் முடிவு" என்று திருப்பித் தந்தார். 1979க்குப் பின்னர் ஒரு பியர் வியாபாரியிடம் அந்த வசனத்தை அவ்வளவு இலகுவாகச் சொல்லியிருக்க முடியாது.

எனவே எமது கோரிக்கையை மாற்றி எழுத வேண்டும் என்பது எனது அபிப்பிராயம். எல்லைகளை ஒழி என்பது ஒரு கனவு. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் 'உங்கள் சொந்தத் தத்துவத்தை முழுமையாகப் பின்பற்றுங்கள், இல்லை என்பதை அங்கீகரிக்கிறீர்கள் என்றால் ஆம் என்பதையும் அங்கீகரியுங்கள்' என்பது அவர்களுடைய சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்த கோரிக்கை. அதற்குப் பதில் சொல்வது கடினம்.

இந்த வாதத்தை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் உடனடியாக ஒரு மறுப்பை வைத்தார். அந்த மறுப்பு என்னை இன்னும் விடவில்லை. ஒரு நாட்டின் 'ஆம்' எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் என்றால், தாராளமாக 'ஆம்' சொல்லும் நாட்டை மற்ற நாடுகள் சும்மா விடுமா? எல்லோரும் ஒன்றுகூடி அந்த நாட்டின் கையைப் பிடித்து, ஆகக் கடுமையான நாட்டின் அளவுக்கு எல்லோரது விதியையும் ஒத்திசைத்துவிட மாட்டார்களா? 1978இல் ஜேர்மன் அரசு மதுசாரத்தைப் பற்றிச் சொன்ன வாதம்தான் இது. ஆகக் கீழான விதியே பொது விதியாகும் என்ற அதே பயம், தலைகீழாக. போத்தலின் விடயத்தில் அந்தப் பயம் பொய்த்தது, ஏனெனில் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குபவர் தீர்மானிக்கிறார். அகதியை யாரும் வாங்குவதில்லை. 2024 மே மாதம் நிறைவேற்றப்பட்ட புதிய தஞ்சச் சட்டத்தொகுதியைப் பார்த்தால் தோழரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஒத்திசைவு அதில் நிறைய உண்டு. எல்லையில் துரித விசாரணை, ஒரே மாதிரியான கைரேகைப் பதிவு, ஒரே மாதிரியான திருப்பி அனுப்புதல். அங்கீகாரத்தின் பரஸ்பரம் மட்டும் இல்லை. அப்படியென்றால் விதிகள் வேறுபட்டிருப்பதே எமக்குப் பாதுகாப்பா? பாரிசில் இறங்கிய அண்ணனை நினைத்தால் ஆம் என்று படுகிறது. பிராங்பேர்ட்டில் இறங்கிய தம்பியை நினைத்தால் இல்லை என்று படுகிறது. இதில் என்னைவிடத் தெளிவாக யோசிப்பவர்கள் அடுத்த இதழில் எழுத வேண்டும்.

கட்டுரையின் கைப்பிரதியை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் கேட்டால் நன்றாக விளங்கும், வாசிக்கத்தான் நேரமெடுக்கும். கருவாட்டுக்குச் சிரித்தார். நெய் டின் சான்றிதழ் பற்றி நான் முதலில் பிழையாக எழுதியிருந்த ஒரு விபரத்தைத் திருத்தினார். நாடுகடத்தல் பகுதி வந்ததும் வாசிப்பதை நிறுத்தச் சொன்னார். "அங்கிள், பரஸ்பர அங்கீகாரம் எண்டு அப்பிடியே தலைப்பில போட்டிருக்கோ? எங்கட சாமான் ஃபோமில வாற அதே சொல்லோ?" என்று கேட்டார். ஆமென்றேன். கைப்பையிலிருந்து ஒரு விநியோகப் பற்றுச்சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் இலக்கத்தைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டார்.